பேசாமல் விற்ற தக்காளி

பாடம் நடத்தினால் பிள்ளைகள் தூங்குவார்கள், விளையாட வைத்தால் முதல்வர் விழித்துக்கொள்வார். என்னைப்போல் விளையாட்டு வைத்துப் பாடம் எடுக்கும் சக பாவிகளுக்கு இது தெரியும். பிரசவ விடுப்பு முடிந்து, கைக்குழந்தையான பையனை மொரப்பூரில் மாமியாரிடம் விட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய அன்றே முதல்வர் சொல்லிவிட்டார்: “சத்தம்னு ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் இந்த கேம் க்ளாஸ் கட்மா. அப்புறம் உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல.” கான்வென்ட்டில் சிஸ்டர் முறைத்தாலே அழுதவள் நான்.

வாயைத் திறக்காதே

எம்.பி.ஏ. வகுப்பில் விவசாயி, லாரி, மண்டி, கடை என்று நான்கு மேசை. தக்காளிக்குப் பதில் சிவப்புப் பொத்தான். எவ்வளவு வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்பலாம், பேசக் கூடாது. பக்கத்து மேசையின் நிலவரம் தெரியாமல், சரக்கு கிடைக்காதோ என்ற பயத்தில் ஆளாளுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், கடைசியில் சரக்கு மலையாகக் குவியும். அதுதான் பாடம்.

குவியவே இல்லை. மேசைக்கடியில் போன். பிடுங்கி வைத்தேன், கண்ஜாடையில் வியாபாரம் தொடர்ந்தது. விவசாயியாக இருந்த கம்பைநல்லூர்ப் பெண் கூசாமல் சொன்னாள்: “மண்டிக்குப் போன் போடாம எங்கூர்ல யாருங்க மேடம் லோடு ஏத்துவாங்க?”

தொப்பூர் இறக்கம்

மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குத் தரையில் சாக்பீஸால் தொப்பூர் மலைப்பாதை. லாரி, என் பையனுடைய பொம்மை. பெரிய கியர் அட்டை போட்டால் கட்டங்களைத் தாவலாம். அந்த வேகத்தில் பிரேக் சூடானால் லாரி கவிழும். எல்லா அணியும் வரிசையாகக் கவிழ்ந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்த லாரி டிரைவர் மகன் மட்டும் கீழே வந்து சேர்ந்தான். விசில் பறந்தது.

அடுத்த வகுப்பிலிருந்து கணக்குப் பேராசிரியர் ஜன்னலில் தலையை நீட்டினார்: “மேடம், இங்க நடக்கறது க்ளாஸா, கபடியா?”

கடைக்காரர்

கம்ப்ளெயின்ட் போயே விட்டது. மறுநாள் எம்.பி.ஏ. வகுப்பில் மறுபடியும் தக்காளி விளையாட்டைத் தொடங்கும்போது முதல்வர் வாசலில்: “சத்தமே கேக்கக் கூடாதுன்னேனே!” வேலை போச்சு, பையனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று பொத்தான்களை அள்ளப் போனேன். கம்பைநல்லூர்ப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “கடைக்கு ஆள் இல்லீங்க சார், உக்காருங்க.”

உட்கார்ந்தவர் நிறையக் கேட்டு எழுதினார். லோடு வரத் தாமதமானது. பதறி இன்னும் எழுதினார். அவர் எதிரில் ஒருவரும் மூச்சு விடவில்லை; போனுமில்லை, ஜாடையுமில்லை. திடீரென்று எல்லா லோடும் ஒன்றாக வந்து இறங்க, மேசை நிறைந்து பொத்தான்கள் தரையில் உருண்டன. என் பாடம் முதல்முறையாகப் பலித்தது.

“ஏன்டா, ஒருத்தனாச்சும் சொல்லக் கூடாதா?” என்று கத்தினார்.

“நீங்கதான சார் சத்தமே கேக்கக் கூடாதுன்னீங்க?” என்றாள் கம்பைநல்லூர்ப் பெண்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தேன். முதல்வர் பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார். “அடுத்த வாரம் என்னை மண்டியில உக்கார வைங்கம்மா. இவங்களை ஒரு கை பாக்கறேன்.”

வேலை தப்பியது, விளையாட்டும் தப்பியது. இப்போதெல்லாம் எங்கள் வகுப்பில் அதிகம் சத்தம் போடுவது முதல்வர்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.