வம்ச வரிசையில் வந்த வீரமுத்து

மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சகோதர சபைக்குப் போதகர் கிடையாது. ஆண்களே மாறி மாறி ஜெபிப்பார்கள், பிரசங்கிப்பார்கள். பெண்கள் முக்காடிட்டு மறுபக்கம் உட்கார்ந்திருப்பார்கள்; பாட்டைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கக் கூடாது. வீட்டில் லொடலொடவென்று பேசும் அம்மாவும் அங்கே கப்சிப்.

அப்பாவின் பக்கம் மூன்று தலைமுறையாகச் சபை. அம்மாவோ கோயில் கும்பிடும் வீட்டிலிருந்து ஞானஸ்நானம் எடுத்து வந்தவள். அன்றோடு நானுஓயாவிலிருந்த பிறந்த வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அவர்கள் பேச்சை எடுக்கக் கூடாது. அதெல்லாம் பழைய வாழ்க்கை என்பார் பெரியப்பா. அவர் சபையின் மூப்பர்.

அம்மாவுக்கு அப்போது சின்ன வயதுதான். தம்பியைச் சேலைத் தொட்டிலில் ஆட்டும்போது மட்டும் தன் ஆட்களை வரிசையாக இழுத்துப் பாடுவாள். கடல் தாண்டி வந்த வீரமுத்து, வீரமுத்து மகன் கருப்பையா, கருப்பையா மகன் சின்னையா, சின்னையா பொஞ்சாதி செல்லாயி. செல்லாயி அம்மாவைப் பெற்றவள். அவள் இறந்த செய்தி அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் யாரோ சொல்லி போனில் வந்தது. அம்மா மறுநாளும் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். இரண்டாம் வகுப்பில் படித்த எனக்குச் செல்லாயி என்பது பாட்டில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

அந்த மாதம் பெரியப்பா ஒரு போட்டி வைத்தார். வேதத்தில் உள்ள இரட்சகரின் வம்ச வரிசையைப் பார்க்காமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பென்சில் பெட்டி பரிசு. நான் விடாமல் உருப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையார் முன்னால் எழுந்து நின்று மடமடவென்று ஆரம்பித்தேன். பாதி ராஜாக்களைத் தாண்டியதும் நாக்கு தடம் மாறிவிட்டது. யாரோ ஒரு ராஜாவுக்கு மகனாக வீரமுத்து வந்து சேர்ந்தார். பின்னாலேயே கருப்பையாவும் சின்னையாவும் வந்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

"இதெல்லாம் வேதத்துல எங்கேம்மா இருக்கு?" என்றார் பெரியப்பா.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"செல்லாயிய விட்டுட்டியே பாப்பா. சின்னையா பொஞ்சாதி செல்லாயி. அதையும் சொல்லிட்டு ஒக்காரு."

அம்மா எழுந்திருக்கவில்லை, முக்காட்டையும் விலக்கவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அப்பா தரையைப் பார்த்தார். நான் நல்ல பிள்ளையாகச் சத்தமாகச் சொன்னேன்: "சின்னையா பொஞ்சாதி செல்லாயி."

பென்சில் பெட்டி வேறு பிள்ளைக்குப் போனது. மூப்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அடுத்த ஞாயிறு திருவிருந்து அப்பத் தட்டு பெண்கள் வரிசையில் கைமாறி வந்து, அம்மாவை விட்டுவிட்டு அடுத்த சகோதரியிடம் போனது.

ஒரு பெயரை நான் மறந்ததால்தான் அம்மாவுக்கு அப்பம் கிடைக்கவில்லை என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா அழவில்லை. மடியில் தூங்கும் தம்பியின் முதுகைத் தட்டியபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இவளுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லையே என்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.