ஒரு ஃபீஸில் இரண்டு பேர்

தொண்ணூற்று நான்கில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் குளத்தூரில் உலவிய வதந்தி இது: ஜிஜினைக் கெட்டிய பெண் அவனை ‘எலே’ என்று கூப்பிடுகிறாள். விளக்கு வைத்ததும் சத்தம் தொடங்கிவிடுகிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே போனதை யாரும் கண்டதில்லை. ஒருவர் பாறசாலைக்குப் போகும் நாளில் மற்றவர் களியக்காவிளைக்குப் போகிறார். ஆகவே பிரிவது நிச்சயம், தேதிதான் தெரியவில்லை.

சொல்லிப் பரப்பியது வீட்டுக்காரி விலாசினி. பின்பக்கச் சாய்ப்பு அறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டவர். அவரிடமே விசாரித்தேன்.

“என் காதால கேட்டதாக்கும். ‘எலே உறங்காத, எலே இங்க பாரு’ன்னு அந்தப் பிள்ள அலறுது. அவன் பதிலுக்கு ஒண்ணும் மிண்ட மாட்டான். ஒரு நாளு, ‘தேவை கொறைஞ்சா வெல கொறையும், இதுகூடத் தெரியாதா ஒனக்கு’ன்னு கேட்டுது. கெட்டியோனைப் பாத்து கேக்குத கேள்வியா அது?”

இல்லைதான். ஆனால் பொருளாதாரம் படிக்கிறவனைப் பார்த்துக் கேட்கலாம்.

அம்பிளிக்கு அப்போது இருபது வயது, ஜிஜினுக்கு இருபத்திரண்டு. இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். இருவரும் பி.ஏ. பரீட்சைக்குத் தனியாகப் பதிவு செய்திருந்தார்கள். பல்கலைக்கழகம் பரீட்சை மட்டும் நடத்தும்; பாடம் சொல்லித்தரப் பாறசாலையில் எலியா சாரின் பாரலல் காலேஜ் இருந்தது. காலேஜ் என்றால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அங்கே ஒரு ஆளுக்கு ஃபீஸ் கட்டத்தான் அவர்களால் முடிந்தது; ஜிஜின் பெயரில் கட்டினார்கள். வாசலைப் பார்த்துக்கொள்ளும் ஞானபாய் ஃபீஸ் கார்டை வாங்கி, மாத முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், பெயரைப் பார்ப்பதில்லை. எலியா சார் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துபவர். ஆகவே ஒருநாள் ஜிஜின், மறுநாள் அம்பிளி. வகுப்பு இல்லாதவர் எல்லைக்கு அந்தப்புறம் களியக்காவிளையில் முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போவார். சாயங்காலம், வகுப்புக்குப் போனவர் மற்றவருக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பகல் முழுக்க முந்திரி வறுக்கும் கூடத்துச் சூட்டில் நின்றுவிட்டு வருகிற ஜிஜின், பாடம் தொடங்கியதுமே தூங்கி விழுவான். ‘எலே’ அதற்காகத்தான்.

அம்பிளியின் அப்பா ஞானையன் கல்யாணத்தன்றே, “படிச்சுக் கிழிச்சிருவா, பாப்பம்” என்று சொல்லியிருந்தார். இருவரில் ஒருவர் படிப்பை நிறுத்த நேர்ந்தால் அது யார் என்பதில் இரண்டு வீட்டாருக்கும் சந்தேகம் இல்லை. அம்பிளிக்கும் இல்லை. அவளுக்குத் தூக்கம் வராததன் காரணம் அதுதான்.

கெடுத்தது பந்த். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு புதன்கிழமை கேரளம் முழுக்கக் கடையடைப்பு. காலேஜ் இல்லை. அந்தப்புறம் தமிழ்நாட்டில் பந்த் ஏது? அண்டி ஆபீஸ் திறந்திருந்தது. விடியுமுன் நடந்து போன ஜிஜின், திரும்பி வர பஸ்ஸும் இல்லாமல், மறுபடி நடக்கத் தெம்பும் இல்லாமல் ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டான். புதன் அம்பிளியின் வகுப்பு நாள். என் நாள் பந்தில் போயிற்று, எனவே வியாழன் எனக்கு என்று அவள் கார்டோடு கிளம்பினாள். புதன் அவளுக்கு என்றால் வியாழன் எனக்கு, பந்துக்கும் கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் அங்கிருந்து நேராகக் காலேஜுக்கு வந்தான். கேட்டுக்கொள்ள வழியில்லை, நடுவில் ஒரு மாநில எல்லை கிடந்தது.

ஷெட்டுக்குள் புள்ளியியல் தொடங்கியிருந்தது. இருவருமே பயந்துகொண்டிருந்த பாடம். வாசலில் ஞானபாயின் குரல் கேட்டது.

“கார்டு எங்க மக்கா?”

“வீட்டுல இருக்கு.”

“பேரு?”

“ஜிஜின்.”

ஞானபாய் கையிலிருந்த கார்டுகளைப் புரட்டினார். “சாறே, ஜிஜின் உள்ள வந்தாச்சு. இப்பம் இன்னொரு ஜிஜின் வந்து நிக்கான்.”

எலியா சார் கரும்பலகையிலிருந்து திரும்பினார். “உள்ள இருக்கப்பட்ட ஜிஜின் எழும்பு.”

யாரும் அசையவில்லை. வாசலில் நின்ற ஜிஜின் மூன்றாம் பெஞ்சில் அம்பிளியைக் கண்டான்; கண்டதும் தெரியாதவன் போலத் தரையைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான், கள்ளன் என்ற பெயரோடு. எழுந்தாள்.

“நான்தான் சாறே.”

“மீசை எங்க மக்கா?” என்றது பின்பெஞ்சு.

எலியா சார் இருவரையும் முன்னால் நிறுத்தினார். “ஒரு ஃபீஸுக்கு ரெண்டு பேரு. எப்பத்திலேருந்து?”

“ஓணம் கழிஞ்சதுலேருந்து. பாதிரியாரு எங்கள ஒண்ணுன்னு சொல்லித்தான் கெட்டி வச்சாரு” என்றாள் அம்பிளி.

“அப்பம் அந்தப் பாதிரிகிட்டயே போயி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படி. இங்க ஒருத்தருதான். யாருன்னு இப்பமே சொல்லணும்.”

“அவ இருக்கட்டு சாறே. நான் வீட்டுல அவகிட்ட கேட்டுப் படிப்பேன்” என்றான் ஜிஜின்.

“எலே, நீ எங்க படிப்ப? நீ உறங்குவ.”

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. எலியா சார் கண்ணாடியைக் கழற்றினார். “கொளத்தூர்ல கெட்டியோனை எலேன்னு விளிக்குத பிள்ள நீதானா? தெனமும் சண்டைன்னு கேட்டேன்.”

“சண்ட இல்ல சாறே. கிளாஸாக்கும்.”

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு குரலைத் தணித்தார். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிளஸ் டூவுக்கு ஈடான பிரீடிகிரிக்குப் பொருளாதாரம் எடுத்த வாத்தியார், பி.எஸ்.சி. தேர்வு எழுதி அரசாங்க வேலை கிடைத்து முந்தின வாரம்தான் போயிருந்தார். தூங்குகிறவனுக்குப் பாடம் எடுக்கத் தெரிந்த ஆள் எலியா சாருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

“ரெண்டாவது ஃபீஸுக்குப் பதிலா பிரீடிகிரிக்கு நாலு பாடம் எடு. வாடகை, கூலி, லாபம், வட்டி. பரீட்ச கழிஞ்சு போதும்.”

“எடுக்கேன் சாறே.”

“பிள்ளையள எலேன்னு விளிக்கப் பிடாது.”

“உறங்காம இருந்தா விளிக்க மாட்டேன்.”

இருவரும் பரீட்சை எழுதினார்கள், இருவரும் தேறினார்கள். ஜிஜினுக்கு மார்க் சற்றுக் கூடுதல். அதற்காக ஒரு சண்டை உண்மையாகவே நடந்தது என்று விலாசினி சொல்கிறார். அம்பிளி வாடகை நடத்தினாள், கூலி நடத்தினாள், லாபமும் நடத்தினாள். கடைசிப் பாடத்துக்குப் போன அன்று எலியா சார் ஷெட்டைக் கல்யாணச் சாப்பாட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பெஞ்சில் இலை போட்டிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

“நான் போனேன், கிளாஸ்ல சாம்பார் விளம்பிட்டிருந்தா அதுக்கு நானா பொறுப்பு?” என்பது அம்பிளியின் கட்சி. நடத்தினால்தான் கணக்குத் தீரும் என்பது எலியா சாரின் கட்சி. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவூட்டுகிறார். இவளும் “வாறேன் சாறே” என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போகிறாள். வட்டி இன்னும் பாக்கி.