மூலவரும் ஒற்றைக்கையனும்

பிளாஸ்டிக் உருகும் நாற்றம் எங்கிருந்தாவது வந்தால், கூட வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போடுவார்கள். நான் மட்டும் ஒரு நொடி நின்று, வெட்கமில்லாமல் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் நகர்வேன். பிளாஸ்டிக்கைக் கொளுத்தக் கூடாது, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று வருஷா வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். சொல்வது அத்தனையும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விக்கிரமசிங்கபுரத்து வீட்டின் புறவாசலும், அங்கே இருந்த வெந்நீர் அடுப்பும், அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் செண்பகமும் அந்த நாற்றத்துக்குள்தான் இருக்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பதினோரு வயது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். செண்பகம் பக்கத்து வீடு, என் வகுப்பு, என் பெஞ்சு. அவள் அப்பாவுக்கு நூல் ஆலையில் வேலை. அந்த வருஷம் கோடை விடுமுறைக்குப் பம்பாயிலிருந்து பெரியம்மாவும் அவள் மகனும் வந்திருந்தார்கள். அண்ணன் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சுண்டுவிரல் உயரத்தில் சிப்பாய் பொம்மைகள் கொண்டுவந்திருந்தான். புத்தகங்களை மலையாக அடுக்கி, போர்வையை வயலாக விரித்து, இரண்டு படைகளை எதிரெதிரே நிறுத்தி, ஸ்கேலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, தனக்குத்தானே மணிக்கணக்கில் சண்டை போட்டுக்கொள்வான். நானும் செண்பகமும் நிலைப்படியில் உட்கார்ந்து பார்க்கலாம், தொடக் கூடாது. பதினைந்து நாள் அப்படித் தொடாமல் பார்த்தோம். அவர்கள் ஊருக்குப் போன மறுநாள், கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது, முழங்காலை லேசாக மடக்கி, வலது கையில் துப்பாக்கி பிடித்த ஒரு சிப்பாய் துடைப்பத்தோடு வந்தான்.

"அவனுக்குத் தபால்ல அனுப்பிச்சிருட்டி, பாவம் தேடுவான்" என்றாள் அம்மா. அனுப்புகிறோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அனுப்பவில்லை. அவனைப் போல் ஒரு படையையே செய்துவிட்டு அப்புறம் அனுப்பலாம் என்பது செண்பகத்தின் யோசனை.

வாய்க்கால் கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து, கல் பொறுக்கிப் பிசைந்து, இரண்டு வில்லையாகத் தட்டி, நடுவில் சிப்பாய்க்குத் தேங்காய் எண்ணெய் பூசிப் படுக்க வைத்து அமுக்குவோம். பிரித்தால் ஒரு வில்லையில் அவன் முன்பக்கமும் மற்றதில் முதுகும் பள்ளமாகப் பதிந்திருக்கும். நிழலில் காயவைத்தால் அச்சு தயார். உடைந்த வாளியைச் சில்லுசில்லாக அரிந்து, பால்பவுடர் டப்பாவில் போட்டு, வெந்நீர் அடுப்பில் வைத்தால் அரை மணியில் அல்வாப் பதத்துக்கு வரும். அதைக் கரண்டிக் காம்பால் வழித்துப் பள்ளத்தில் அப்பி, இரண்டு வில்லையையும் சேர்த்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைப்போம். ஆறியதும் பிரித்து, ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவி, சிமெண்டுத் தரையில் தேய்த்தால் ஒரு சிப்பாய். ஓர் அச்சு நாலைந்து பேரைத் தாங்கும். பிறகு விரிசல் விட்டுவிடும், புதிதாக அமுக்க வேண்டும். எல்லாருக்கும் பிறப்பிடம் அந்தப் பம்பாய்ச் சிப்பாய்தான் என்பதால் அவனுக்கு "மூலவர்" என்று பெயர் வைத்தோம். மாடக்குழியில் இருந்தார், எண்ணெய் பூசிப் பூசிக் கருத்துப்போய் நிஜமாகவே மூலவராக ஆகியிருந்தார்.

வாளியை அரிவதற்கு அம்மாவின் அரிவாள்மணையை எடுத்தது எங்கள் தப்புதான். ஒருநாள் அவரைக்காய்ப் பொரியலில் சிவப்பாக ஒரு துணுக்கைக் கண்டு, மிளகாய் என்று நினைத்து அப்பா மென்றுவிட்டார். "சவத்த அந்தப் பட்டறைய இன்னையோட ஏறக்கட்டுதியளா, இல்ல நான் டப்பாவத் தூக்கி எறியட்டா?" என்று அம்மா கத்தினாள். அந்த வசவிலிருந்துதான் புறவாசலுக்குப் "பட்டறை" என்று பெயர் நிலைத்தது. எங்கள் உண்மையான எதிரி அம்மா அல்ல, பழைய பிளாஸ்டிக்குக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற சைக்கிள்காரர். தெருவில் எந்த வீட்டில் எது உடைந்தாலும் அவருடைய மணிச்சத்தம் எங்களுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். எங்கள் வீட்டுச் சிவப்பு வாளி எனக்கும், செண்பகம் வீட்டில் குழாயடிச் சண்டையில் நசுங்கிய பச்சைக் குடம் அவளுக்கும் கிடைத்தது. அவ்வளவுதான் எங்கள் சொத்து. எனக்குப் பதினெட்டுச் சிவப்புச் சிப்பாய்கள், அவளுக்குப் பதினெட்டுப் பச்சைச் சிப்பாய்கள்.

ஒரே மூலவரிடமிருந்து வந்தவர்கள் என்றாலும் ஒருவனைப் போல் ஒருவன் இல்லை, ஏனென்றால் எங்கள் கைவேலை அந்த லட்சணம். ஒருவனுக்கு மூக்கில்லை, ஒருவன் முதுகில் கொப்புளம், ஒருவன் தலை சப்பை. செண்பகத்தின் படையில் ஒருவனுக்கு இடது கையே வரவில்லை. பிளாஸ்டிக் அந்தப் பள்ளம்வரை ஓடாமல் நின்றுவிட்டது. அவன்தான் "ஒத்தக்கையன்". வேறொரு கையைக் காய்ச்சின ஊசியால் சூடுவைத்து ஒட்டித்தருகிறேன் என்று சொன்னேன். உடைந்த கால், துப்பாக்கி எல்லாம் நாங்கள் அப்படித்தான் ஒட்டுவோம், ஒட்டின இடம் தெரியாது. "இருக்கட்டும்ட்டி, அவன் அப்படியே பொறந்தவன்" என்று அவள் சம்மதிக்கவில்லை. அவனைத் தளபதி ஆக்கினாள்.

போர்க்களத்தை ஒரு பழைய ஒற்றைக் கதவின்மேல் கட்டினோம். காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்துப் பொதிகை மலையைப் பிடித்தோம். செண்பகத்தின் அப்பா சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த ஆலைப் பஞ்சை நாள்தோறும் சேர்த்துவைத்து அருவி ஆக்கினோம். வயலுக்குப் பச்சைக் கோலப்பொடி, வாழைத்தோப்புக்குக் கம்பளி நூல், தாமிரபரணிக்கு நீல பாலித்தீன், அதன் இரண்டு பக்கமும் ஆற்றிலிருந்தே சலித்துக் கொண்டுவந்த மணல். நடுவில் சோப்புப்பெட்டியை அறுத்து ஓர் அணைக்கட்டு. வடகரை என்னுடையது, தென்கரை அவளுடையது. அணையைப் பிடித்தவருக்கு வெற்றி. ஆளுக்கு ஒரு தரம் ஓர் ஈர்க்குச்சி தூரம் நகரலாம், மலை என்றால் அரைக் குச்சி. சுடுவதற்குத் தாயக்கட்டை. மறைவில் நிற்கிறவன் தாயம் விழுந்தால்தான் சாவான், வெட்டவெளியில் நிற்கிறவன் எது விழுந்தாலும் சாவான்.

கடைசிச் சட்டம் செண்பகம் போட்டது. செத்தவன் உருக வேண்டும். உருகி, எதிராளியின் படையில் மறுபடி பிறக்க வேண்டும். "இல்லன்னா செத்ததுக்கும் சாவாததுக்கும் என்னட்டி வித்தியாசம்?" என்று கேட்டாள். ஒப்புக்கொண்டேன். அதன் பலன் என்னவென்றால் இரண்டு பேருக்கும் சண்டையைத் தொடங்க மனசு வரவில்லை. பாலம் இன்னும் முடியவில்லை என்பேன் நான். பனைமரம் வைக்க வேண்டும் என்பாள் அவள். இப்படியே ஒரு வருஷம் ஓடி அடுத்த கோடையும் வந்துவிட்டது. முப்பத்தாறு பேரும் துப்பாக்கியை நீட்டியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அந்தக் கோடையில்தான், செண்பகத்தின் பெரியப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவள் அப்பாவுக்கு இடம் பார்த்துவிட்டார், குடும்பத்தோடு போகிறார்கள் என்று தெரிந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் அவள் தன் பதினெட்டுப் பேரையும் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்தாள். "இன்னைக்குச் சண்டைய வச்சுருவோம்" என்றாள்.

அவள் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை இன்று நினைத்தால் என் புத்தியை நானே செருப்பால் அடிக்கலாம். வாழைத்தோப்பு முழுக்க மறைவு இருக்க, அவள் தன் ஆட்களை வரிசையாக ஆற்று மணலுக்கு, வெட்டவெளிக்கு, இறக்கினாள். ஒப்புக்கு என் ஆட்கள் மூன்று பேரைச் சுட்டாள். நான் தாயக்கட்டையை உருட்ட உருட்ட அவளுடைய ஆட்கள் விழுந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயிக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. விழுந்தவர்களை அப்போதைக்கப்போது டப்பாவில் போட்டேன், அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டவள் அவள்தான். பச்சையும் சிவப்பும் கலந்து, ஆற்றில் புது வெள்ளம் வரும்போது இருக்குமே, அந்த நிறத்தில் டப்பாவுக்குள் கொதித்தது.

கடைசியில் ஒத்தக்கையன் மட்டும் அணைக்கு முன்னால் நின்றான். கட்டையை உருட்டினேன், விழுந்தான்.

"இவன மட்டும் விட்ருதியாட்டி?" என்று கேட்டாள்.

"சட்டம் நீ போட்டதுதான?" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் அவனை எடுத்து, ஒரு முறை விரலால் தடவி, தானே டப்பாவில் போட்டாள். அவன் உருகிக் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சாயங்காலம்வரை உட்கார்ந்து அந்தக் கலங்கல் பிளாஸ்டிக்கில் எட்டுப் புதுச் சிப்பாய்களை அச்சிட்டு அணைமேல் நிறுத்தினேன்.

மறுநாள் காலை, வாங்கியிருந்த சல்லடையைத் திருப்பிக் கொடுக்க அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பல் தேய்த்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "பெட்டில எடமில்ல, பொம்மையெல்லாம் பேரீச்சம்பழக்காரருக்குப் போட்டுருன்னு அவ அப்பா சொல்லிட்டாவ. அதுக்கு இவ, நான் ஒங்க மவகிட்டயே தோத்துட்டு வாரேன், ஒண்ணே ஒண்ண மட்டும் கையில கொண்டுபோறேன்னு சொல்லிட்டுப் போனா. வரும்போது அந்த ஒண்ணையும் காணல. கேட்டா வாயத் தெறக்க மாட்டுக்கா."

வாயைக்கூடக் கொப்புளிக்கவில்லை. புறவாசலுக்கு ஓடி, புதுச் சிப்பாய் ஒருவனைக் கதவின்மேல் வைத்து, அப்பாவின் சவரப் பிளேடால் ஒரு கையை வெட்டினேன். அவனைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த செண்பகத்தின் கையில் அதைத் திணித்தேன். இரைக்க இரைக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, அவனுக்கு எடது கைதான கெடையாது. நீ சோத்துக்கைய வெட்டிட்டு வந்துருக்க. இவன் இனி எத வச்சுச் சுடுவான்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பஸ் நகர்ந்தபோது அவள் விரல்கள் அவனை இறுக்க மூடியிருந்ததைப் பார்த்தேன்.

பட்டறைக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய தப்பு அது. ஒரு வருஷமாக நான் அச்சையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அச்சில் எல்லாம் இடம்வலம் மாறித்தான் தெரியும். பிளாஸ்டிக் ஓடாமல் நின்ற அந்தப் பள்ளம் அச்சில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தை ஆளிடம் வெட்டிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ ஒத்தக்கையனை.

திருப்பூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் வீடு மாறினார்கள் போலிருக்கிறது, என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. புறவாசலை மூடிச் சமையலறையை நீட்டியாயிற்று. வெந்நீர் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது பிரிட்ஜ் நிற்கிறது. போர்க்களக் கதவு ஏதோ ஒரு கல்யாணத்தின்போது விறகாய்ப் போனது. மூலவர் வெள்ளையடித்தபோது மாடக்குழியிலிருந்து காணாமல் போனார், பம்பாய் அண்ணனுக்கு அவரைப் பற்றிய ஞாபகமே இல்லை. மிச்சமிருந்த என் படையை, நான் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், அம்மா பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிட்டாள். செண்பகம் யாரிடமிருந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டித் தோற்றாளோ, அவரிடமே போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அந்தச் சைக்கிள் மணியும் இல்லை.

ஒன்றே ஒன்று இருக்கிறது. அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தபோது கதவின்மேல், கோலப்பொடி வயலில், வெட்டுண்ட அந்த வலது கை துப்பாக்கியோடு கிடந்தது. ஒரு கிராம்பு அளவுதான் இருக்கும். அதை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். முப்பது வருஷமாக என் பீரோவில் இருக்கிறது. கோயம்புத்தூர் போக நேர்ந்தால், வழியில் திருப்பூர் வரும் என்பதற்காகவே அந்தச் சிமிழைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஸ்டேஷனில் ரயில் நிற்கிற இரண்டு நிமிஷமும் ஜன்னல் வழியாக, என் வயதுப் பெண்களின் முகத்தை எல்லாம் பார்ப்பேன். ஆளை அவள் வைத்திருந்தால் போதும், காய்ச்சின ஊசியால் ஒரு சூடு வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.