கோபம் தீர்ந்த பிறகு சொன்ன சமாதானம்

இலங்கையில், நிவித்திகலப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, இறப்பர் பால் வெட்டும் அம்மா ஒருவர் எங்கள் தேவாலயத்துக்கு வருவார். ஒல்லியான உடம்பு, நகக்கண்களில் காய்ந்த பால். பாடும்போது மற்றவர்கள் முதலடியில் நிற்க, இவர் இரண்டாமடிக்குப் போயிருப்பார். ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல், எல்லோர் முன்னிலையிலும், "அம்மா, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க" என்றுவிட்டேன்.

சற்று நேரத்தில், ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகூப்பி 'சமாதானம்' என்று வாழ்த்தும் கட்டம் வந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தபடி கைகூப்பினேன். அவர் கூப்பவில்லை.

"இப்ப வேணாங்க சேர். ஒங்க மேல கோவமா இருக்கேன். உள்ள கோவத்த வச்சிக்கிட்டு கும்பிட்டா அது பொய்தானேங்க? கோவம் போனதும் நானே வந்து சொல்றேன்."

பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கோ வெட்கத்தில் காது சுட்டது.

புதன்கிழமை மாலை, கொட்டும் மழையில் என் வாசலில் நின்றார். கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, முகமெல்லாம் சிரிப்பு.

"போயிருச்சுங்க சேர்! சமாதானம்!"

அவ்வளவு நிஜமாக அந்தச் சொல்லை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று அப்படிச் சொன்னது என் தப்புத்தான் என்றேன். "அதான் போயிருச்சுங்களே" என்று கிழங்கை நீட்டினார்.

அடுத்த ஞாயிறும் பாட்டில் எல்லோரையும் விட்டுவிட்டு ஓடினார். இந்தத் தடவை நானும் கூடவே ஓடினேன்.