நிலைப்படியில் ஈரம்

1. மஞ்சள் வைக்கிற நிலை

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போன வீடுகளில், முதல் நாளே அழுகையோடு வரவேற்றது மானகிரி முருகேசன் வீடுதான். காலை ஆறு மணி. அவர் மனைவி செல்வி வாசல் நிலைப்படியில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையானா மஞ்சள் குங்குமம் வைக்கிற நெலைண்ணே. மாமா நித்தம் ராத்திரி இதுலதேன் ஒண்ணுக்கு இருந்து வைக்கிறாக. நானும் மனுசிதானே?"

மாமா என்றது மாமனார் கருப்பையா ஆசாரியை. எழுபத்தொன்பது வயது. ஐம்பது வருடம் தச்சு வேலை, மூன்று வருடமாக டிமென்ஷியா. மகன் பெயர் மறந்துபோயிருந்தது. ஆனால் நாற்காலி ஆடினால் எந்தக் கால் குட்டை என்று சொல்லிவிடுவார். மகன் முருகேசன் தச்சு வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடியில் பி.வி.சி. கதவுக் கடை வைத்திருந்தார்.

"ஒங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாகண்ணே. ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா ராத்திரி அப்பா ரூமுக்கு வெளிய தாப்பா போட்டுர்றேன். வேற வழி தெரியல" என்றார் முருகேசன். அவரும் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

அப்படிப் பூட்டிய அறையில் விடிய விடியக் கதவைத் தட்டிக் கை வீங்கிப்போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

2. நாற்காலி

தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். டாக்டரிடம் காட்டி யூரின் டெஸ்ட் எடுத்தோம். இன்பெக்‌ஷன் இல்லை. சாயங்காலக் காபியை நிறுத்தினேன், பகலில் தண்ணீரைக் குறைக்கவில்லை. படுக்கும் முன் பாத்ரூம் கூட்டிப்போனேன். மெத்தைக்கு ரப்பர் ஷீட், இவருக்கு டயபர்.

டயபரை அவர் ராத்திரியில் நிதானமாக அவிழ்த்து, நாலாக மடித்துத் தலையணை மேல் வைத்துவிடுவார். காலையில் என்னையே கேட்பார்: "இது யாருதுப்பா? இங்குட்டுக் கெடக்கு."

மூன்று ராத்திரி அலாரம் வைத்துப் பக்கத்திலேயே படுத்தேன். அலாரத்துக்கு முன்னால் அவர் எழுந்துவிடுவார், நான் போவதற்குள் நிலைப்படி நனைந்திருக்கும். நான்காம் ராத்திரிதான் புத்தி வந்தது. பாயைச் சுருட்டிவிட்டு நாற்காலியில் விழித்திருந்தேன்.

இரண்டு மணிக்கு எழுந்தார். விடிவிளக்கு வெளிச்சத்தில் நேராகப் பாத்ரூம் பக்கம்தான் போனார். அதுவே எனக்கு ஆச்சரியம். பி.வி.சி. கதவை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினார். உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பினார். அங்கிருந்து வாசலுக்குப் போய்த் தேக்குக் கதவைத் தடவிப் பார்த்து, பூட்டை இழுத்தார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

என்னைப் பார்த்ததும் கூனிக்குறுகிப் போனார். "தொறக்க மாட்டேங்குதுப்பா" என்றார். அந்த மனிதர் ராத்திரி ராத்திரி கதவைத்தான் தேடியிருக்கிறார்.

3. கதவுக் கடைக்காரரிடம் சொன்னது

பி.வி.சி. கதவு விற்கிறவரிடம் போய், உங்கள் கதவுதான் கோளாறு என்று எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"என் கடைக் கதவையா குத்தம் சொல்றீக? பத்து வருசம் வாரண்டிண்ணே!" என்று குதித்தார். அதே சூட்டில் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, பாத்ரூம் கதவில் தட்டிக்காட்டினார்.

"அப்பா, இது என்ன?"

"தட்டி."

"கதவுப்பா!"

"கதவுன்னா மரத்துலல்ல இருக்கும்? இது எவனோ மறைப்புக்கு வச்ச தட்டி."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செலவில்லாமல் முடிக்கலாம் என்று அன்று அந்தக் கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே லைட்டைப் போட்டு வைத்தோம். ராத்திரி வந்து பார்த்தார். "கதவே போடல. இதுக்குள்ள எப்பிடிப்பா ஒண்ணுக்கு இருக்கிறது?" என்றார். மறுபடியும் வாசல்தான். நியாயமான பேச்சுதான்.

மறுநாள் முருகேசன் தன் சித்தப்பா மகனின் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு வேப்பங்கதவு கொண்டுவந்து, ஆள் வைக்காமல் தானே மாட்டினார். நான் இரண்டே நிபந்தனை சொன்னேன்: உள்ளே தாழ்ப்பாள் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் நாம் போய்த் தூக்க வேண்டுமே.

அன்று ராத்திரி நானும் முருகேசனும் ஹாலில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் வந்தார். கதவைத் தடவினார், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. முருகேசன் என் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"கதவு யாரு மாட்டுனது?"

"நாந்தேன்" என்றார் முருகேசன்.

பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "கீல் சரியா உக்காந்திருக்கு. நல்ல கை. நாளைக்கு வா, நம்மகிட்டயே வேலைக்கு வச்சுக்கிர்றேன்."

முருகேசன் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "வாரேங்கய்யா" என்றார்.

அதற்குப் பிறகும் வாரத்தில் ஒரு நாள் மெத்தை நனைந்ததுண்டு. ரப்பர் ஷீட்டை நான் எடுக்கவில்லை. அவர் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போடுகிற பேச்சு மட்டும் அந்த வீட்டில் திரும்ப வரவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: டயபர் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஒரு ராத்திரி சும்மா உட்கார்ந்து பாருங்கள். மூன்று ராத்திரி நான் தூங்கியதால், அந்தப் பெரியவர் மூன்று ராத்திரி கூடுதலாக அவமானப்பட்டார்.