பழனிமுத்து பலகை எடுத்த கதை

எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருப்பவன் பழனிமுத்து. கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுகிற ஆள் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான். நான் அடிவாரத்தில் பேளுக்குறிச்சிக்காரன், பெயர் செல்லமுத்து. அவன் மிளகை என் பிக்கப் வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகப் போய் ஆரம்பித்த பழக்கம். என்னைவிட இளையவன், பிடிவாதத்தில் என்னைவிடப் பெரியவன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. இந்த லட்சணத்தில் எங்கள் சிநேகிதம் இத்தனை காலம் நீடித்ததே அதிசயம்தான்.

பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தான். அதுவரை அவன் பார்த்த பெரிய தண்ணீர் ஆகாய கங்கை அருவி. மலையேறி இறங்கி உரமேறிய அவன் கால்களைப் பார்த்த அதிகாரி ஒருவர் படகு விளையாட்டுக் குழுவில் போட்டுவிட்டார். அங்கே கற்றதுதான் விண்ட்சர்ஃபிங். ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய்மரம், அதில் காற்றுப் பிடிக்க ஒரு பாய். ஏறி நின்று பாயைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றோடு போக வேண்டும். எஞ்சின் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. முதல் தடவை செல்போனில் படம் காட்டியபோது, "காசு குடுத்து நின்னுட்டே போறதுக்கு நம்ம டவுன் பஸ் போதாதாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

அவன் அண்ணன் செங்கோடன் மிளகு பறிக்கையில் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பென்ஷனுக்கான வருஷம் முடிந்த கையோடு பழனிமுத்து ஊர் திரும்பினான். அண்ணனைப் பார்த்துக்கொண்டான். அவர் போனபிறகு அவர் பிள்ளைகள் சசிகுமாரையும் வித்யாஸ்ரீயையும் படிக்கவைத்தான். வண்டி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. அண்ணனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதும் தோளில், மிளகு மூட்டை வந்ததும் தோளில். ஒரு கை பிடிக்கப் போனால், "உடுங்கண்ணா, நா பாத்துக்கறேன்" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்களுக்கெல்லாம் கை இல்லையா என்ன?

பதினாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. படகுக் குழுவில் கழித்துக்கட்டிய கிழிந்த பாய் ஒன்றை வரும்போது கொண்டுவந்திருந்தான். அதில்தான் மாராயி மிளகு காயப்போடுவாள். மாராயி அவன் மனைவி. போன ஆனி மாதம் மூட்டை ஏற்றப் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, இந்த மனுசனைக் கூட்டிட்டுப் போயி ஒருக்காக் கடல்ல எறக்கி உடுங்க. மெளகக் காயப்போட்டுட்டு அந்தப் பாயவே பாத்துட்டு நிக்கறாரு. கோழி வந்து கெளர்றது கூடத் தெரியறதில்லீங்க."

வித்யாஸ்ரீக்கும் வேலை கிடைத்துவிட்டிருந்தது. அவனிடம் கேட்டேன். மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். ஆனால் அவன் எல்லாம் விசாரித்து வைத்திருந்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் லூர்து என்பவர் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுக்கிறார், பழைய பலகை, பாய் எல்லாம் விற்கிறார், ஆனி ஆடியில் அங்கே காற்று நன்றாக இருக்கும்.

"இந்த ஒருக்காத்தானுங்கண்ணா. பலகை மேல நிக்க முடிஞ்சா ஒரு செட்டு வாங்கறேன். முடியலீன்னா இனி கடல் பேச்சே எடுக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னபடி செய்து தொலைக்கிற ஆள் அவன். நாற்பத்தெட்டு வயது, இடது முட்டி வேறு தகராறு. இந்த ஒரு ஆசையும் போய்விட்டால் அவனுக்கென்று அந்த மலையில் வேறு என்ன இருக்கிறது?

லூர்துவின் கொட்டகைக்குள் நுழைந்ததும் பழனிமுத்து திகைத்துப் போனான். அவன் காலத்துப் பலகைகள் நீளமானவை, ஒடுங்கலானவை. இப்போது எல்லாம் குட்டையாக, அகலமாக வீட்டுக் கதவைக் கழற்றி வைத்தாற்போல இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் லிட்டர் கணக்கு எழுதியிருந்தது. அந்தப் பலகை எவ்வளவு கனத்தை மிதக்கவைக்கும் என்பதற்கான கணக்காம்.

"அண்ணாச்சி வெயிட்டு எவ்ளோ?" என்று லூர்து கேட்டார்.

"அறுபத்தி நாலுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அறுபத்துநாலு அவன் ராணுவத்தில் இருந்தபோது. மிளகு நிறுக்கிற தராசில் அவன் விளையாட்டாக ஏறி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எண்பதுக்கு மேல். சபையில் ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லூர்து அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓர் அகலமான பலகையைக் காட்டினார். நூற்றைம்பது லிட்டர். "ரொம்ப வருசம் கழிச்சு வாறீங்க. மொதல்ல இதுல நில்லுங்க."

"இது புதுசா பழகறவங்களுக்குங்க" என்றான் பழனிமுத்து. அவன் குரலே மாறியிருந்தது. பிறகு அவன் செய்ததை மலைக்காரன்தான் செய்வான். சுவரோரம் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தோளில் வைத்து, நாலடி நடந்து, இறக்கிவைத்தான். எருதும் மனிதனும் சுமந்துதான் எதுவும் வீடு சேரும் என்கிற ஊரில் பிறந்தவனுக்குப் பொருளின் தரம் தோளுக்குத்தான் தெரியும். இருந்ததிலேயே கனம் குறைந்த ஒன்றை எடுத்தான். ஒல்லியானது, தொண்ணூற்றைந்து லிட்டர். "இதுங்க."

"கரையில நீங்க போர்டைச் சுமக்கணும், சரி. அது அஞ்சு நிமிசம். மத்த நேரமெல்லாம் அது உங்களைச் சுமக்கணும்லா அண்ணாச்சி" என்றார் லூர்து. அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க. ஆழத்துக்குப் போவாதீங்க" என்றார்.

பாயைப் பூட்டியபோது அவன் கை தடுமாறவே இல்லை. பார்க்கப் பெருமையாக இருந்தது. இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏறினான். ஏறியதும் பலகை தண்ணீருக்குள் போய்விட்டது. விழுந்தான். மறுபடி ஏறினான். தண்ணீரில் படுத்துக் கிடக்கிற பாயைக் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்த வேண்டும். அதற்கு முதலில் கால் ஊன்றி நிற்க வேண்டும். நிற்கவே முடியவில்லை. காலடியில் பலகை ஒரு பக்கம் முங்கும், அவன் மறுபக்கம் விழுவான். கரையோரமாகவே காற்று அவனை இழுத்துக்கொண்டு போனது. நான் மணலில் கூடவே நடந்தேன். நீந்தத் தெரியாத நான் வேறு என்ன செய்வேன்? "போதும் வாப்பா" என்று கத்தினேன். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. கடைசியில் ஏறுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் பலகையின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

கரையேறி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, முட்டி நொண்ட நொண்ட அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தான். கை கொடுக்கப் போனேன். வழக்கமான அதே பதில்தான். கொட்டகை நிழலில் உட்கார்ந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"போலாமுங்கண்ணா" என்றான். "வண்டிய எடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! அவன்மேலா, அந்தக் கடல்மேலா, போய்ச்சேர்ந்த செங்கோடன்மேலா, எதன்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், ஊர்பேர் தெரியாத இடத்தில், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

பழனிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காக இன்னொருத்தர் அழுது அவன் பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். அப்படி அழ அவன் யாருக்கு இடம் கொடுத்தான்? பிறகு எழுந்து, கயிறு சுற்றிக்கொண்டிருந்த லூர்துவிடம் போனான். ராணுவத்தில் மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல நேராக நின்றான்.

"எம்பத்தி மூணு கிலோங்க" என்றான். "எடது முட்டி சரியில்லீங்க. பதினாலு வருசமா ஏறவே இல்லீங்க. எனக்கு எது ஆகும்னு நீங்களே பாத்துக் குடுங்க."

லூர்து சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதருக்கு நான் கோயில் கட்டுவேன். "இதைச் சொல்லிட்டா மிச்சமெல்லாம் ஈஸிதான் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்த அகலப் பலகை, அதற்கு ஒரு சின்னப் பாய். பாய் மட்டும் சின்னதா என்று நான் கேட்டேன். "காத்து நெறைய கெடக்கு. பாய் பெருசானா தோளு போயிரும்" என்றார். பழனிமுத்து மறுபேச்சுப் பேசவில்லை. அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டான்.

வெயில் தாழ்ந்திருந்தது. ஏறினான். பலகை முங்கவில்லை. முட்டி போட்டான், மெதுவாக நிமிர்ந்தான், நின்றான். கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, பாய் தண்ணீரை வடித்துக்கொண்டு எழுந்தது. பாயின் குறுக்கே இருந்த கம்பைப் பிடித்தான். காற்று பாயில் விழுந்தது. ஒருகணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் போனான். துள்ளலும் இல்லை, வேகமும் இல்லை. கால் ஒரு அடிகூட எடுத்துவைக்காமல், எதையும் தூக்காமல், அவன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். இந்த மனிதன் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மாராயி.

"அண்ணா, அவரைக் கூப்புடுங்க. காட்டுப்பன்னி வேலியப் பிச்சுட்டு வந்து கெழங்கையெல்லாம் கெளறிப் போட்டுருச்சுங்க. கட்டுக்கம்பிய எங்க வெச்சாருன்னு தெரியல. இருட்டறதுக்குள்ள அடைக்கோணும்."

"அவன் தண்ணிக்குள்ள இருக்கறான் அம்மிணி."

"உழுந்துட்டாருங்களா?"

"இல்ல. நின்னுட்டுப் போறான்."

"நிக்கறாருங்களா?"

"ஆமா. ரொம்பத் தூரம் போயிட்டான். இரு, அந்த லூர்துகிட்டச் சொல்லிக் கை காட்டிக் கூப்புடச் சொல்றேன்."

போனைக் காதில் வைத்தபடியே கொட்டகையைப் பார்த்து நடந்தேன்.

"வேண்டாமுங்கண்ணா" என்றாள். "கூப்புடாதீங்க. கம்பிய நா தேடிக்கறேன்."