ஐஸ் போட்ட சிலிண்டர்

மகளின் நிச்சயத்துக்கு அடைப்பாயசம் நானே வைப்பதாகப் பனச்சமூடு சந்தையில் வாழையிலை வாங்கும்போது அறிவித்துவிட்டேன். கேட்காதவர்களுக்கும் அறிவித்தேன். நிச்சயத்தன்று மற்ற கறியெல்லாம் காலையிலேயே முடிந்து மூடிவைத்தாயிற்று. உச்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். பாயசம் மட்டும் பாக்கி, கூடவே என் மானமும்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய அடுப்பு. அகலமான பாயச உருளிக்கு ஒரு சிலிண்டர் போதாது என்று இரண்டை ஒரே குழாயில் இணைத்திருந்தேன். ஒன்று சுவரோரம் வெயிலில். மற்றது அடுப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில். சூட்டில் வெடித்துவிட்டால் விருந்தாளிகளை வரவேற்க நான் இருக்க வேண்டாமா? பொழியூரிலிருந்து மீன் வந்த தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் மிச்சம் கிடந்தது. அடுப்புப் பக்கத்துச் சிலிண்டரை ஓர் அண்டாவில் நிறுத்தி ஐஸைக் கழுத்துவரை கொட்டினேன். இது குளிர்ந்தாலும் மற்றது கேஸைத் தள்ளும் என்பது என் கணக்கு.

வெல்லப்பாகில் அரிசி அடை விழுந்த கொஞ்ச நேரத்தில் தீ தாழ்ந்தது. திருகிப் பார்த்தேன். ஊதிக்கூடப் பார்த்தேன்.

"ஏட்டி, கேஸு தீந்து போச்சு! மாப்பிள வீட்டுக்கு போன் பண்ணி மெதுவா வரச் சொல்லு."

என் மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வந்து அண்டாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதென்ன, சிலிண்டரையும் மீன்கூட விக்கப் போறீங்களா?"

"வெடிச்சிரும்னு பயந்து..."

"பயமா இருந்தா தள்ளி வைக்கணும். ஐஸுலயா குளிப்பாட்டுவாவ?"

"அதான் மத்தது வெயில்ல நிக்குதே?"

"ரெண்டும் ஒரே குழாய்லயாக்கும். கூட்டிக் கெட்டினா அழுத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். சூட்டுல நிக்குததுல உள்ள கேஸு அடுப்புக்கு வராம, இந்தக் குளிர்ந்த வயித்துக்குள்ள போய் திரும்பத் திரவமாவுது. நீங்க அடுப்புக்கா கேஸு குடுத்தீங்க, இவனுக்காக்கும் குடுத்தீங்க."

ஐஸ் சிலிண்டரின் வால்வை மட்டும் அடைத்தாள். தீ நீலமாகச் சீறி எழுந்தது. வாசலில் வேன் ஹாரனும் அடித்தது.

நான் கிண்டிக்கொண்டே ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். மாப்பிள்ளையின் அப்பா நேராகப் பின்பக்கம் வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சம்பந்தி, சட்டுவத்த இஞ்ச தாங்க. கை கழச்சிருக்கும். காலையிலிருந்து ஐஸு சுமந்தவராக்கும் நீங்க."

"ஆரு சொன்னா?"

"உங்க மக போன்ல சொல்லிட்டா. வேனே சிரிச்சிட்டு வந்தது."

திரும்பிப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து பயத்தில் எங்களிடம் வாயே திறக்காத என் மகள், அடுக்களை வாசலில் மாமியாராகப் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் சோறு உண்டு முடித்து, இலையில் விரலால் கோலம் போட்டுக் காத்திருந்த பிறகுதான் நான் பாயசம் விளம்பினேன். சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா சாள மீன் மணம் எங்கேருந்து வருது?"

மனைவி என் காதருகே குனிந்தாள்.

"கையக் கழுவிட்டு வந்து வெளம்புங்க."